134 அணிகளும் காணாத காசும்

பத்து வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் ஒரு பழைய வீடியோ கேம் வட்டின் விலை இறங்காமலே இருந்தது. 2013 ஜூலையில் வெளிவந்த ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’ பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்ற இரண்டு கன்சோல்களில் மட்டுமே ஓடும். அந்தக் கன்சோல்கள் வழக்கொழிந்து, அடுத்த தலைமுறை வந்து, அதற்கடுத்ததும் வந்துவிட்ட பிறகும் மக்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். புதிதாக வந்தபோது 60 டாலருக்கு விற்றது, செகண்ட் ஹேண்டில் நூறு டாலரைத் தாண்டிக் கைமாறியது. ‘காலேஜ் ஃபுட்பால் ரீவேம்ப்ட்’ என்ற பெயரில் ரசிகர்களே கூடி உட்கார்ந்து அதற்குள் புதிய சீருடைகளையும் புதிய அணிகளையும் ஏற்றி உயிரோடு வைத்திருந்தார்கள்.

இவ்வளவு பசியோடு காத்திருந்தவர்களின் இலையில்தான் 2024 ஜூலை 19 அன்று இஏ ஸ்போர்ட்ஸ் ‘காலேஜ் ஃபுட்பால் 25’ஐப் பரிமாறியது. பசித்தவன் ருசி பார்க்க மாட்டான். ஆகவே வெளியான வாரத்துப் பாராட்டுகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வந்த ‘26’ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறை குறைகளைப் பேசுவதே நியாயம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி என்ற இடத்தை, அதன் ஊர்ப்பற்றை, அதன் கூச்சலை இந்த கேம் அபாரமாகப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் புரளும் பணத்தை மட்டும் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைக்கிறது. இதன் சிறப்புகளில் பெரும்பாலானவை முதலாவதிலிருந்து வருகின்றன. குறைகளைத் தோண்டிக்கொண்டே போனால் பாதிக்கு மேல் இரண்டாவதில் போய் முட்டுகின்றன.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. இது அமெரிக்கர்களின் கால்பந்து. நூறு கெஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர், கூர்முனைப் பந்து. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. தாக்கும் அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்து கைக்கு வந்ததும் அவர் தானே ஓடலாம், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஓடவிடலாம், தொலைவில் ஓடும் ரிசீவருக்கு எறியலாம். தொழில்முறை ஆட்டமான என்எஃப்எல்லில் 32 அணிகள்தான். கல்லூரிகளின் மேல் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 2024இல் 134 அணிகள் இருந்தன. ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள் கொண்ட அமெரிக்க ஸ்டேடியங்கள் எல்லாமே கல்லூரிக் கால்பந்துக்கு உரியவை. மிச்சிகனில் 1,07,601 பேர் உட்காரலாம். பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஊரின் ஜனத்தொகையைவிட ஸ்டேடியத்தின் ஜனத்தொகை பெரிது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு கேம் விற்காமல் இருக்க எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. ஆனாலும் 11 ஆண்டுகள் விற்கவில்லை. ஏன் என்பது வழக்கு மன்றத்துக் கதை. அது தெரியாமல் இந்த கேமின் பல குறைகள் புரியாது.

1993இல் ‘பில் வால்ஷ் காலேஜ் ஃபுட்பால்’ என்று தொடங்கிய வரிசை இது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ, மாணவர்களை அமெச்சூர்கள் என்றது. உதவித்தொகைக்கு மேல் தங்கள் பெயரை விற்று ஒரு காசும் அவர்கள் வாங்கக் கூடாது. அதனால் கேமில் வீரர்களுக்குப் பெயர் கிடையாது. ‘குவார்ட்டர்பேக், எண் 15’ என்று மட்டும் இருக்கும். ஆனால் அந்த 15ஆம் எண்ணின் உயரம், எடை, சொந்த மாநிலம், தோல் நிறம், எறியும் கை எல்லாம் நிஜ வீரருடையவையாக இருக்கும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரயன் ஹார்ட் இடது மணிக்கட்டில் பட்டை கட்டி ஆடுவார்; கேமில் பெயரில்லாத 13ஆம் எண்ணும் அப்படியே கட்டியிருந்தது. பெயர் ஒன்றுதான் பாக்கி. அதையும் ரசிகர்களே தட்டி ஏற்றிக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

2009இல் நெப்ராஸ்காவின் முன்னாள் குவார்ட்டர்பேக் சாம் கெல்லர் வழக்குப் போட்டார். அதே ஆண்டு, கூடைப்பந்தில் 1995இல் யுசிஎல்ஏவுக்குக் கோப்பை வாங்கித் தந்த எட் ஓபேனனும் நீதிமன்றம் போனார். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்த கேமில் தன்னையே பார்த்தவர் அவர். ரட்கர்ஸின் ஹார்ட்டும் வழக்குத் தொடுத்திருந்தார்; 2013 மே மாதம் அதில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இஏ கடையைக் கட்டியது. இஏயும் என்சிஏஏயும் இன்னொரு உரிம நிறுவனமும் சேர்ந்து 6 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டன. 2021 ஜூனில், ஆல்ஸ்டன் என்ற இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். மறுமாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் பார்க்கலாம் என்றாயிற்று. கேம் திரும்பி வரும் என்று இஏ அறிவித்தது அதற்கும் முன்பு, அந்த ஆண்டு பிப்ரவரியில். அந்த அறிவிப்பில் நிஜ வீரர்கள் இருப்பார்கள் என்ற உறுதி இல்லை. சட்டம் வழிவிட்ட பிறகே அவர்களுக்கு இடம் வந்தது.

ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலர், கூட ஒரு பிரதி. 11,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஆக மொத்தம் சுமார் 66 லட்சம் டாலர். அதிகாரபூர்வ நாளுக்கு மூன்று நாலு நாள் முன்னதாகவே ஆட ஒரு வழி, 99.99 டாலர் விலையுள்ள உயர்ரகப் பதிப்பை வாங்குவது. அந்தச் சில நாட்களில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆடினார்கள் என்று நிறுவனமே பெருமையோடு சொன்னது. பெருக்கிப் பார்க்கிற வேலையை வாசகரிடம் விட்டுவிடுகிறேன். தொகை பேசப்பட்டபோதே, 2023இல், கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்கான ஓர் அமைப்பு கேமைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது. பெரும்பாலான வீரர்கள் கேட்கவில்லை. இருபது வயதுப் பையனுக்குத் தன்னைத் திரையில் பார்க்கும் ஆசையை விடவா ராயல்டி பெரிது? அந்த ஆசை எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று விற்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. ‘26’இல் தொகை 1,500 டாலரானது. எவ்வளவு விற்றாலும் அதற்கு மேல் பங்கு கிடையாது என்ற ஏற்பாடு மாறவில்லை.

இனி ஆட்டத்துக்குள் போவோம்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்ட் ஸ்டேடியம். நம்மூரிலிருந்து மேற்படிப்புக்குப் போன எத்தனையோ என்ஜினீயரிங் பிள்ளைகள் முதல் தடவை அமெரிக்கக் கால்பந்து பார்ப்பது இங்கேதான் இருக்கும். மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காருவதில்லை. களத்தில் 11 பேர், பன்னிரண்டாம் ஆள் நாங்கள் என்பது அவர்கள் மரபு. எதிரணிகளுக்கு ஆடக் கடினமான ஸ்டேடியங்கள் என்று இஏ போட்ட வரிசையில் இதற்கே முதலிடம். நீங்கள் வெளியூர் அணி. மூன்றாவது முயற்சி, எட்டு கெஜம் தேவை. வழக்கமாக ஒரு பட்டனை அழுத்தினால் எந்த ரிசீவர் எந்த வழியில் ஓடுவார் என்ற கோடுகள் திரையில் தெரியும். இங்கே அழுத்தினால் கோடுகள் நெளிகின்றன, குழம்புகின்றன. திரை அதிர்கிறது, கையில் கன்ட்ரோலர் நடுங்குகிறது. கடைசி நொடியில் திட்டத்தை மாற்றிக் கத்தினால் ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்குக் கேட்பதில்லை. அவர் தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி. நிதானம் குறைந்த முதலாண்டுப் பையனை நிறுத்தியிருந்தால் பாடு இன்னும் மோசம். நீங்கள் மனப்பாடத்தில் ஆட வேண்டும், அல்லது ஓட்டத் திட்டம் ஒன்றைத் தேர்ந்து தலையைக் குனிந்துகொண்டு நான்கு கெஜத்தோடு திருப்திப்பட வேண்டும்.

இந்த ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. சொந்த மைதானத்து அனுகூலம் என்பதை மற்ற விளையாட்டு கேம்கள் இரண்டு மூன்று மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைத்துக் கணக்கில் முடித்துவிடும். இங்கே அது ஆடுபவரின் கண்ணையும் காதையும் விரலையும் தாக்குகிறது. அறிவு இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. கூட்டம் ஒரு குவார்ட்டர்பேக்குக்குச் செய்வது அதைத்தானே. என்எஃப்எல்லை வைத்து அதே நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடும் ‘மேடன்’ கேமை ஆடிப் பழகிய கை முதல்முறை இங்கே திணறும்.

மரபுகளும் அப்படியே. கிளெம்சன் வீரர்கள் ஹோவர்ட் பாறையைத் தொட்டுவிட்டுச் சரிவில் ஓடிவருவதும், நோட்டர் டாம் வீரர்கள் படியிறங்கும்போது தலைக்கு மேலிருக்கும் பலகையைத் தட்டிச் செல்வதும் அலங்காரம்தான், ஆட்டத்தில் ஒரு கெஜத்தையும் மாற்றாது. பத்தாவது தடவை எல்லோரும் பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவார்கள். ஆனாலும் அந்தக் கல்லூரியில் படித்தவரிடம் கேட்டுப் பாருங்கள், தன் பாட்டு சரியாக ஒலிக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருப்பார். வர்ஜீனியா டெக் அணி களமிறங்கும்போது மெட்டாலிக்கா குழுவின் ‘என்டர் சாண்ட்மேன்’ ஒலிக்கும். ‘25’இல் அது இல்லை, உரிமம் வாங்கி ‘26’இல் சேர்த்தார்கள். ஊரின் சொத்து என்று ஊர் நினைத்திருந்த சத்தத்துக்குக்கூட ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

கூச்சலைவிட ஆழமான பலம் ஆட்டமுறையில் இருக்கிறது. என்எஃப்எல்லில் 32 அணிகளும் கிட்டத்தட்ட ஒரே மொழி பேசுபவை. கல்லூரியில் அப்படியில்லை. ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் பயிற்சிக் கல்லூரிகள் எறிவதே அபூர்வம். மும்முனை ஆப்ஷன் என்ற பழைய ஓட்ட முறையில் ஆடுகின்றன. குவார்ட்டர்பேக் நடுவில் ஓடுபவரின் வயிற்றில் பந்தை வைத்துவிட்டு எதிரணியின் ஒரு தடுப்பாளனைப் பார்க்கிறார். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார். அங்கே இன்னொருவன் வழிமறித்தால் பக்கவாட்டில் கூடவே வருபவனிடம் தட்டிவிடுகிறார். மூன்று முடிவுகள், ஒரு நொடிக்கு மேல் ஆகாது. கேமில் இதைக் கட்டைவிரலுக்குப் பழக்க ஒரு வாரம் பிடிக்கும். பழகிவிட்டால் வேறு எந்த கேமிலும் கிடைக்காத இன்பம். அதே சமயம் இன்னோர் அணி முக்கால் மைதானத்துக்கு ரிசீவர்களைப் பரப்பி, மூச்சு விட நேரம் தராமல் அடுத்தடுத்து எறியும். 134 அணிக்கும் தனித்தனித் திட்டப் புத்தகம். ஒரே அணியோடு ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியாது.

எறிவதிலும் முன்னேற்றம் உண்டு. பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பந்தின் வேகம் அமையும். அளவு மீறினால் குறி தவறும். அடி வாங்கும் உடலுறுப்பின் களைப்பைத் தனித்தனியாகக் கணக்கிடும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அதே ஓட்டக்காரனை முப்பது தடவை ஓடவிட்டால் ஆட்டத்தின் கடைசிக் கால் பங்கில் அவன் கால்கள் கணக்குத் தீர்க்கும்.

குறை, கணினி நடத்தும் சக வீரர்களிடம். முன்னால் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டிய பருத்த உடல்காரர்கள் சில சமயம் கண்ணெதிரே பாய்ந்து வருபவனை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடிப் போகிறார்கள். ‘ஃப்ரெஷ்மேன்’ தொடங்கி ‘ஹைஸ்மன்’ வரை நான்கு கடினப் படிகள் உண்டு. மேலே போகப் போக எதிரணி புத்திசாலியாவதைவிட உங்கள் ஆட்கள் மக்காவதுதான் அதிகம் தெரிகிறது. இணையத்தில் முன்பின் தெரியாதவரோடு மோதினால் அவர் 134 திட்டப் புத்தகங்களிலிருந்தும் பொறுக்கியெடுத்த நான்கே நான்கு ஆட்டங்களை மாற்றி மாற்றிப் போடுவார். வேற்றுமையே பலமான ஒரு கேம், போட்டி என்று வந்ததும் ஒற்றை முகமாகிவிடுகிறது.

இந்த கேமை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வாங்குவது ‘டைனஸ்டி’க்காக என்று சொன்னால் கோபித்துக்கொள்ள ஆள் இருக்காது. பயிற்சியாளராக ஒரு கல்லூரியை எடுத்து 30 சீசன் வரை நடத்தலாம். பெரிய அலபாமாவையும் ஜார்ஜியாவையும் எடுப்பதில் சுவாரஸ்யம் இல்லை. ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட்டை எடுங்கள். 2024இல் ஆடிய 12 ஆட்டத்திலும் தோற்ற நிஜ அணி.

பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்கு இழுப்பதுதான் இங்கே உயிர்நாடி. உங்கள் பலகையில் 35 பேரை வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கையிருப்பு. கல்லூரி பெரிதானால் நேரமும் பெரிது. ஒரு பையனின் சமூக ஊடகத்தைத் துழாவ 5 மணி, நேராகச் செய்தி அனுப்ப 10, வீட்டாரையும் நண்பர்களையும் பிடிக்க 25, மொத்தப் படையையும் இறக்கினால் 50. ஒவ்வொரு பையனுக்கும் மனசில் மூன்று காரணங்கள் உண்டு. அவை என்னவென்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவனுக்கு வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும், ஒருவனுக்கு முதல் வருடமே களமிறங்க வேண்டும், ஒருவனுக்குப் படிப்பின் பெருமை. கூடவே, அது இல்லையென்றால் பேச்சே கிடையாது என்ற ஒரு நிபந்தனை. கென்ட் ஸ்டேட்டிடம் கோப்பையில்லை, ஸ்டேடியம் நிரம்புவதில்லை. ஆனால் விளையாடும் வாய்ப்பு தாராளம், வீடும் பக்கம். அந்த இரண்டை மட்டும் நம்பி, மதிப்பீட்டில் இரண்டே நட்சத்திரம் வாங்கி, பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத பையனைத் தேடுகிறீர்கள். நேரம் செலவழித்துத் துருவிப் பார்த்தால் பச்சை நிறக் குறி விழுகிறது: மதிப்பீட்டாளர்கள் தவறவிட்ட மாணிக்கம். அல்லது சிவப்பு: ஏமாற்று. ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பச்சையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தவர்களுக்குத்தான் இந்த கேமின் ஈர்ப்பு புரியும். களத்தில் ஒரு பந்தும் ஆடாமல் மாலை முழுக்க இந்தப் பலகையோடே கழித்துவிடலாம்.

மூன்றாம் ஆண்டு அந்தப் பையன் நட்சத்திரமானதும் பெரிய கல்லூரிக்கு மாறிப் போகிறேன் என்பான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இன்றைய யதார்த்தம் இங்கே அப்படியே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் புரட்டிப்போட்ட இன்னொன்றும் உண்டு: 2024இல் யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன் நான்கும் பசிபிக் கரையின் பழைய கூட்டமைப்பை விட்டு, நடு மேற்கு மாநிலங்களின் பிக் டென்னுக்குத் தாவின. தொலைக்காட்சிப் பணம் நூற்றாண்டுப் பகைகளையும் உறவுகளையும் ஒரே மூச்சில் பிரித்துப் போட்டது. கேமில் கூட்டமைப்புகளை நீங்களே மாற்றி அமைக்கலாம். பழைய வரைபடத்தை அப்படியே திரும்பப் போட்டுவிட்டு ஆடுகிற மூத்த ரசிகர்கள் நிறைய. நிஜத்தில் யாராலும் செய்ய முடியாததை ஞாயிறு மதியம் சோபாவில் சாய்ந்தபடி செய்து முடிக்கிறார்கள்.

டைனஸ்டியின் குறை அதன் வெற்றியோடு சேர்ந்தே வருகிறது. ஐந்தாறு சீசன் கவனமாக ஆள்சேர்த்தால் கென்ட் ஸ்டேட்டும் வெல்ல முடியாத அணியாகிவிடும். கணினி நடத்தும் கல்லூரிகளுக்கு உங்கள் சூழ்ச்சி இல்லை. ஏறுவது இனிப்பு, ஏறிவிட்டால் சலிப்பு. நான்கைந்து வருடத்தில் நிஜ வீரர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிப் போய்விட, கணினி பிறப்பித்த பெயர்களும் ஒரே அச்சில் வார்த்த முகங்களும் மட்டும் மிஞ்சும். 11,000 பேரின் முகத்துக்கு இத்தனை போராட்டம் நடந்த கேமில், நீண்ட ஆட்டம் ஆடுகிறவருக்கு அந்த முகங்கள் முதல் சில மணி நேரங்களுக்கே. பிறகு நிலைப்பது கல்லூரி மட்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்லூரி விளையாட்டு நிஜத்திலும் இப்படித்தான்.

மற்ற முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வீரராக ஆடும் ‘ரோடு டு குளோரி’, ‘25’இல் வெறும் எலும்புக்கூடு: பள்ளிப் பருவ ஆட்டங்களே இல்லை, வாரா வாரம் படிப்பு, உடல்நலம், பயிற்சி என்று புள்ளிகளைப் பிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவதுதான். ‘26’இல் பள்ளி ஆட்டங்கள் திரும்பின. ‘அல்டிமேட் டீம்’ என்பது சீட்டுக்கட்டு வாங்கி வீரர்களைச் சேகரிக்கும் சூதாட்டச் சாயல் கொண்ட கல்லாப் பெட்டி. 70 டாலர் கொடுத்தவரிடம் மறுபடி கை நீட்டுகிறது. இதைத் தொடாமலே கேமை முழுதாக ஆடலாம் என்பதே இதற்கு நான் தரும் பாராட்டு. கன்சோலில் மட்டும் ஓடும், கணினியில் ஓடாது என்பதால் இந்தியாவில் பலருக்கு இது எட்டாக்கனி.

சட்டச் சிக்கலின் தழும்புகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வீரர்களைத் திருத்தும் பக்கத்துக்குப் போக வேண்டும். பழைய கேமில் பெயரில்லாத வீரர்களுக்கு யாராவது ஒரு புண்ணியவான் ஆயிரக்கணக்கான பெயர்களைத் தட்டி ஏற்றுவார், மற்றவர்கள் இறக்கிக்கொள்வார்கள். இப்போது நிஜ வீரரின் பெயரையோ தோற்றத்தையோ தொட முடியாது. அவர் ஒப்பந்தத்தில் இருக்கிறார். கையெழுத்திடாதவர் இடத்தில் முகம் தெரியாத ஒருவன் நிற்பான். புகழ்பெற்ற மேனிங் குடும்பத்தின் இளையவர், டெக்சஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் முதலில் வேண்டாமென்றார், கேம் வெளியான பிறகு ஆகஸ்டில்தான் சேர்ந்தார். இல்லை என்று சொல்லும் உரிமை 2009இல் எந்த மாணவனுக்கும் இல்லாதது. அதை நினைத்தால் இந்தக் குறையோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர்கள் விஷயம் வேறு. ‘25’இல் நிஜப் பயிற்சியாளர் ஒருவரும் இல்லை, கற்பனைப் பெயர்களே. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் அவர்கள். ‘26’இல் 300க்கு மேற்பட்டோர் வந்தார்கள். பாதி வேலையை ஒரு வருடமும் மீதியை அடுத்த வருடமும் செய்து, இரண்டு தடவையும் முழு விலை வாங்கினார்கள் என்பதே என் புகார்.

அப்படி வாங்க முடிவதற்குக் காரணம் போட்டியில்லாமை. சேகா நிறுவனத்தின் கல்லூரிக் கால்பந்து வரிசை 2002இல் நின்றது. 2004 டிசம்பரில் என்எஃப்எல்லோடும் அடுத்த ஆண்டு கல்லூரிகளோடும் இஏ பிரத்யேக ஒப்பந்தம் போட்டது. ஏகபோகத்தை எதிர்த்து வாங்குவோர் தொடுத்த வழக்கில் 2.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2014க்குப் பிறகு ஐந்தாண்டுக்குக் கல்லூரிக் கால்பந்தில் பிரத்யேக உரிமை கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. கதவு திறந்த நேரத்தில் கேமே இல்லை. எந்த நிறுவனமும் உள்ளே வரவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். டைனஸ்டியில் ஒரு பையன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும் அளவுகோல்கள் 14. படிப்பின் பெருமை, பயிற்சி வசதி, வளாக வாழ்க்கை, பயிற்சியாளரின் நிலைத்தன்மை, ஸ்டேடியத்தின் சூழல் என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘எவ்வளவு கொடுப்பீர்கள்’ என்பது மட்டும் இல்லை. ‘விளம்பர வெளிச்சம்’ என்ற ஒன்று அதற்குப் பதிலாக முகமூடி போட்டு நிற்கிறது. நிஜத்திலோ 2021க்குப் பிறகு ஆள்சேர்ப்பின் முதல் கேள்வியே அதுதான். 2025 ஜூனில் ஹவுஸ் என்ற வேறொரு வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்து, ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவ வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே பகிரலாம் என்றாகிவிட்டது. ஒப்புதல் தந்தவர் கிளாடியா வில்கன். 2014இல் ஓபேனன் வழக்கில் என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய அதே நீதிபதி. பணம் வாங்கும் உரிமை கிடைத்ததால் பிறந்த கேமில், பணம் வாங்காத பையன்களை மணிக்கணக்கில் பேசிக் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

வடிவமைப்பாளர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. பணத்தைக் கொண்டுவந்தால் கென்ட் ஸ்டேட்டின் கதை முடிந்தது. உழைப்பும் சாமர்த்தியமும் இருந்தால் சின்னக் கல்லூரியும் ஏறலாம் என்ற கனவைத்தான் டைனஸ்டி விற்கிறது. பட்ஜெட் என்ற ஒரு பக்கம் வந்துவிட்டால் உங்கள் இரண்டு நட்சத்திர மாணிக்கம் முதல் சீசனிலேயே ஏலம் போய்விடுவான். ‘மேடன்’ போன்ற கேம்களில் சம்பள வரம்பை வைத்துக் கணக்குப் போடுவது ஒரு பாதி ஆட்டம் என்பதை நினைத்தால், இங்கே பணமே இல்லாதது பெரிய ஓட்டைதான். என் விருப்பம் கேட்டால் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்வேன். சின்னக் கல்லூரியின் ஏற்றம் கடினமாகும். ஐந்தாவது சீசனில் வரும் அந்தச் சலிப்புக்கும் அது மருந்தாகும்.

கடைசியாக, யார் உள்ளே இல்லை என்பது. எஃப்பிஎஸ்ஸுக்குக் கீழே எஃப்சிஎஸ் என்று ஒரு பிரிவு உண்டு. கேமில் அந்தக் கல்லூரிகளுக்குப் பெயரில்லை. ‘எஃப்சிஎஸ் கிழக்கு’, ‘எஃப்சிஎஸ் மேற்கு’ என்று திசை பார்த்துப் பெயரிட்ட பொம்மை அணிகள் அடி வாங்க வந்து நிற்கும். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த கல்லூரிகள் பல இந்தப் பிரிவில்தான் ஆடுகின்றன. 408 வெற்றி கண்ட எடி ராபின்சன் பயிற்றுவித்த கிராம்ப்ளிங் இல்லை. அங்கே படித்து, என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான டக் வில்லியம்ஸின் கல்லூரிப் பெயரே இந்த கேமுக்குத் தெரியாது. இடைவேளையில் ஆட்டத்தைவிடப் பெரிய கூட்டத்தைக் கட்டிப்போடும் சதர்ன் பல்கலைக்கழகத்தின் வாத்தியக் குழுவும் இல்லை. கல்லூரிக் கால்பந்தின் சத்தத்துக்காகவே பேர் வாங்கிய கேம் இது. 2009இலேயே ‘பிளாக் காலேஜ் ஃபுட்பால்’ என்று ஒரு சிறு நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360க்காக, வாத்தியக் குழுக்களோடு சேர்த்து, இதைச் செய்து காட்டியது.

இந்த இல்லாமை எங்கே அதிகம் உறுத்துகிறது என்றால், ‘25’இன் அட்டையில். அட்டையில் நிற்கும் மூவரில் ஒருவர் டிராவிஸ் ஹன்டர். பந்து பிடிக்கவும் தடுக்கவும் இரண்டு பக்கமும் ஆடி, அந்த 2024 சீசனிலேயே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். 2021 டிசம்பரில், நாட்டின் முதல்தரப் பள்ளி வீரராக மதிப்பிடப்பட்டிருந்த ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டு மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட்டில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி, எஃப்சிஎஸ் பிரிவு. பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ். கல்லூரிக் கால்பந்தில் ஆள்சேர்ப்பின் வரலாற்றிலேயே பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது. டைனஸ்டி ஆடுகிற ஒவ்வொருவரும் கனவு காண்பது அப்படியொரு ஆளை அப்படியொரு கல்லூரிக்கு இழுக்கத்தான். சாண்டர்ஸ் 2022 டிசம்பரில் கொலராடோவுக்கு மாறியபோது ஹன்டரும் கூடப் போனார். அட்டையில் அவர் போட்டிருப்பது கொலராடோவின் சீருடை.

ஜாக்சன் ஸ்டேட்டை வைத்து அதைத் திரும்ப நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஒரே வழி ‘டீம்பில்டர்’. இணையத்தில் சீருடை வரைந்து, சின்னம் ஏற்றி, ஜாக்சன் ஸ்டேட்டை நீங்களே கட்ட வேண்டும். கட்டி முடித்துக் கேமுக்குள் கொண்டுவந்தால், இருக்கிற 134இல் யாரை எடுத்துவிட்டு இதைப் போடட்டும் என்று கேட்கும்.